என் துக்கமணியை நான் கேட்ட நாள்

மகனே,

நான் உயிரோடு இருக்கிறேன். உன் அப்பாவாக இருந்தால் தேவகிருபையில் தொடங்கி, ஊர் மழை நிலவரத்தைச் சொல்லி, பிறகுதான் விஷயத்துக்கு வருவார். எனக்கு இந்த முறை இதை முதலில் சொல்லிவிடுவதே நல்லது என்று படுகிறது. ஏனென்றால் நம் ஊரில் பாதிப்பேருக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. நேற்று கோவில்பட்டி பஸ்ஸில் ஏறினேன். மேலத்தெருக்காரி ஒருத்தி என் கையைக் கிள்ளிப் பார்த்துவிட்டுத்தான் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அக்கா, ஒங்களுக்கு மாலை வாங்க ஆள் அனுப்பிட்டோம், தெரியுமா?" என்றாள். எவ்வளவு பெரிய மாலை என்று கேட்டேன். கடைசிவரை சொல்லவே இல்லை.

நீ கோபித்துக்கொண்டு போய் ஒரு வாரம் ஆகிறது. ஈஸ்டர் முடிந்ததும் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு உன்னோடு பெங்களூருக்கு வந்துவிட வேண்டும் என்று வாசலில் நின்றே சொல்லிவிட்டுக் காரில் ஏறினாய். போனில் பதில் சொல்லலாம். ஆனால் போனில் நீ பேசிக்கொண்டே போவாய், நான் 'சரிப்பா, சரிப்பா' என்று சொல்லிச் சொல்லியே பெங்களூருக்கு வந்து சேர்ந்துவிடுவேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். நிதானமாக உட்கார்ந்து படி. உன் பெண்டாட்டிக்கும் வாசித்துக் காட்டு.

அந்தக் கேமராவிலிருந்தே தொடங்குகிறேன். அப்பாவை அடக்கம் பண்ணிய கொஞ்ச நாளில் நீ ஆள் வைத்து நடுவீட்டுச் சுவரில் மாட்டினாயே, அந்த வெள்ளை உருண்டை. நான் விழுந்தால் உனக்குத் தெரிய வேண்டும் என்றாய். சரி என்றுதான் இருந்தேன். ஸ்டூலில் ஏறினால் போன் வந்தது. ஊறுகாய்ப் பானையைத் தூக்கினால் போன் வந்தது. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஒரு நாள் முட்டங்கால் போட்டு ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கிறேன், போன் அலறுகிறது. "ஏம்மா முட்டங்கால் போடுத? மூட்டு தேஞ்சிரும்னு டாக்டர் சொன்னாருல்லா? சேர்ல உக்காந்து ஜெபம் பண்ணு." தலைக்கு மேலே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்போடு ஜெபம் பண்ணுவது சின்ன வயதிலிருந்தே எனக்குப் பழக்கம்தான். ஆனால் அவர் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நடுவில் போன் பண்ணியதில்லை. அன்றிலிருந்து ஜெபம் பண்ணும்போது மட்டும் கேமராவின் மேல் ஒரு துண்டைப் போட்டுவிடுவேன். முடிந்ததும் எடுத்துவிடுவேன். அந்தச் சனிக்கிழமை எடுக்க மறந்துபோனேன், நடந்தது அவ்வளவுதான்.

மறுநாள் அசனம். ஆலயத்தில் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற அந்த ஒரு நாளுக்காக நம் ஊரே வருஷம் முழுக்கக் காத்திருக்கும் என்பது உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டுக்கறிக் குழம்புக்கு முந்தின நாள் மத்தியானமே கத்தரிக்காய் வெட்ட உட்கார்ந்தால்தான் பொழுது சாய்வதற்குள் முடியும். ஆலயத்துக்குப் பின்னால் இருக்கிற பள்ளிக்கூடக் கொட்டகையில்தான் பொம்பளைகள் நாங்கள் வெட்டுவோம். போகிற அவசரத்தில் போனைச் சார்ஜில் போட்டபடியே விட்டுவிட்டேன். முன்கதவை உள்பக்கமாகத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் பின்வழியாகப் போனேன். வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி இருக்கட்டும் என்று திருட்டுக்குப் பயந்து நானும் அப்பாவும் பழகிய பழக்கம் அது. நீ அங்கே உன் போனில் பார்த்திருக்கிறாய், வீடு இருட்டாகத் தெரிந்திருக்கிறது. கூப்பிட்டிருக்கிறாய், நான் எடுக்கவில்லை. எதிர்ப் பலசரக்குக் கடை அண்ணாச்சியைக் கூப்பிட்டிருக்கிறாய். அவர் வந்து தட்டினால் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கிறது, குரல் கொடுத்தால் பதில் இல்லை. பின்பக்கம் போய்ப் பார்ப்போம் என்று கூடின கூட்டத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எழுபதைத் தாண்டிய தனிக்கட்டை, உள்ளே பூட்டிய கதவு, அப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது? அண்ணாச்சி கதவை இடித்துக்கொண்டிருக்கும்போதே யாரோ ஒரு புண்ணியவான் ஆலயத்துக்கு ஓடிப்போய்ச் சொல்லிவிட்டான்.

நாங்கள் அங்கே ஒரே சிரிப்பில் இருந்தோம். தீப்பெட்டி ஆபீஸில் என்னோடு வேலை பார்த்தவர்கள் இரண்டு மூன்று பேர் இருந்தோம், வாய்க்குப் பஞ்சமில்லை. அந்தக் காலத்தில் குச்சி அடுக்கின விரலுக்குக் கத்தரிக்காய் ஒரு பொருட்டா என்று ஒருத்தி கேட்டுக்கொண்டிருக்கும்போதுதான் மணி அடித்தது. ஒரு அடி, நிறுத்தி, இன்னொரு அடி. எல்லாரும் கத்தியைக் கீழே வைத்துவிட்டோம்.

"ஏட்டி, துக்கமணியில்லா அடிக்குது. யாரா இருக்கும்?"

"வடக்குத்தெருப் பெரியவரா இருக்கும். நேத்தே முடியாமக் கெடந்தாவ."

யாராக இருந்தாலும் ஒரு வார்த்தை ஜெபம் பண்ணுவோம் என்றார்கள். இருந்ததில் வயதில் மூத்தவள் நான். எனவே நான்தான் ஜெபம் பண்ணினேன். அந்த ஆத்துமா நம் நடுவில் வாழ்ந்த நாட்களுக்காக ஸ்தோத்திரம் என்றேன். தூரத்தில் இருந்து ஓடிவருகிற பிள்ளைகளை வழியில் காப்பாற்றும், அவர்கள் மனதைத் தேற்றும் என்றேன். எல்லாரும் ஆமென் என்றார்கள். கண்ணைத் திறந்தால், ஆலயத்தைக் கூட்டி மணியடிக்கிற வேலைக்காரப் பையன், நம் கோயில்குட்டி, சேதி சொல்லக் கொட்டகைக்குள் வந்து நிற்கிறான். என்னைப் பார்த்தவன் வாயைத் திறந்தபடியே கத்தரிக்காய்ச் சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"என்னலே, பேயக் கண்ட மாதிரி முழிக்க?" என்றேன்.

"ஒங்களுக்குத்தான், சித்தி, மணி அடிச்சேன்" என்றான்.

நீ சிரிக்க மாட்டாய், தெரியும். நாங்கள் சிரித்தோம். ஒருத்தி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள், அப்புறம் பார்த்தால் அவள் நிஜமாகவே அழுகிறாள். நான் எழுந்து வீட்டுக்கு ஓடினேன். அதற்குள் கதவு உடைந்து, உள்ளே ஆள் இல்லை என்று தெரிந்து, எல்லாரும் தெருவில் திகைத்துப்போய் நின்றார்கள். அண்ணாச்சியின் போனில் உன்னிடம் பேசினேன். "உயிரோடதான் இருக்கேம்ப்பா" என்றதற்கு நீ போனை வைத்துவிட்டாய்.

வர வேண்டாம் என்று ஆள் மாற்றி ஆள் போன் பண்ணிச் சொன்னோம். கேட்காமல் ராத்திரியோடு காரை ஓட்டிக்கொண்டு வந்தாய். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பந்தி விரிக்கிற நேரத்துக்கு வந்து சேர்ந்தாய். நல்ல நேரத்துக்கு வந்தான் பிள்ளை, இலையில் உட்காரட்டும் என்று எல்லாரும் கூப்பிட்டார்கள். நம் சபையில் இல்லாத கடை அண்ணாச்சி வீட்டார்கூட வருஷம் தவறாமல் வந்து உட்காருகிற பந்தி அது. குழம்புக்கு வேண்டிய புளியும் வத்தலும் அவர் கடையிலிருந்துதான் வரும், காசு வாங்க மாட்டார். நீ மட்டும் உட்காரவில்லை. என்னைத் தேடி வந்து, கறிச்சட்டி பக்கத்தில் நிற்க வைத்தே திட்டினாய். அவ்வளவு பேர் முன்னால். பிறகு வீட்டு வாசலில் நின்று அந்தத் தீர்ப்பைச் சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனாய். எனக்குக் கோபம் வந்தது. இதை எழுதும்போதும் இருக்கிறது.

ஆனால் உன் கோபம் துண்டு மேல் இல்லை, தாழ்ப்பாள் மேலும் இல்லை. நீ ஒரு கேள்வியை ஒரே ஒரு தடவை கேட்டாய். அப்பாவின் பெட்டி மேல் நாம் ஆளுக்கொரு கை மண் போட்டு முடித்து, கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி நடக்கும்போது, யாருக்கும் கேட்காமல் என்னிடம் கேட்டாய். "ஏம்மா போக விட்ட?" நான் பதில் சொல்லவில்லை. நீயும் அதற்கப்புறம் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைத்தான் சுவரில் மாட்டி வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். இன்றைக்குச் சொல்கிறேன்.

மதுரையில் டாக்டர் சொன்னதை நீயும் கேட்டாய். இதயம் பாதிதான் வேலை செய்கிறது, காட்டுக்குப் போகக் கூடாது, வெயில் கூடாது என்றார். மில்லுக்குப் போன காலத்திலேயே ஷிப்டு முடிந்து வந்து, நம் கரிசல் காட்டு நிலத்தில் இறங்கினால்தான் அவருக்கு அன்றைய பொழுது விடிந்த மாதிரி. அப்படிப்பட்ட மனுஷன் டாக்டர் சொல்லுக்குக் கட்டுப்பட்டுக் கொஞ்ச காலம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். நீ போன் பண்ணும்போதெல்லாம் 'நல்லாருக்கேன்' என்பார். உனக்குக் குரல் மட்டும் கேட்டது. எனக்கு முகம் தெரிந்தது. சாப்பாட்டைத் தட்டில் அளைந்துகொண்டே இருப்பார். எந்நேரமும் பாடுகிற அவருடைய பாட்டுச் சத்தம் நின்றுபோனது. புரட்டாசி வந்தது. மழைக்கு முன்னால் காய்ந்த புழுதியிலேயே விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்க்கிற நம் ஊர் விதைப்பு உனக்குத் தெரியும். மழை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, வந்தபிறகு விதைக்கலாம் என்றால் கரிசல் காலை உள்ளே விடாது. ஊரெல்லாம் விதைக்கிற சத்தம் கேட்டு அவர் ஒரு காலையில் எழுந்து நின்றார்.

"டிராக்டர்காரன் வாரான். அவன் உழுது விதைச்சிருவான். அந்தக் கிழக்கு மூலைல வண்டி திரும்பாதுல்லா? அத மட்டும் கையால தூவிட்டு வந்திருதேன்."

"டாக்டர் என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"ரொம்ப நாள் இருக்கதுக்கு வழி சொன்னாரு. இருந்து என்ன செய்யணும்னு அவரு சொல்லலையே" என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பிறகு தூக்குச்சட்டியில் மோர்ச்சோறு போட்டுக் கொடுத்தேன். உளுந்து விதையை நானே துணியில் கட்டிக் கையில் கொடுத்தேன். தெருமுனை வரைக்கும் அவர் பாடிக்கொண்டே போனது எனக்குக் கேட்டது. மத்தியானம் ஆடு மேய்க்கிறவர் வந்து சொன்னார், வரப்போரத்து உடைமர நிழலில் ஒங்க வீட்டுக்காரவுக தூங்குதாவன்னு நெனச்சேன் என்று. மூலை முழுக்கத் தூவி முடித்திருந்தார். சோற்றையும் சாப்பிட்டிருந்தார்.

ஆமாம், நான்தான் போக விட்டேன். அழுதேன், இன்றும் படுக்கையில் பக்கத்து இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு அழுகிறேன். ஆனால் வருத்தப்படவில்லை. இன்றைக்கு அவர் எழுந்து வந்து அதே மாதிரி கேட்டால் மறுபடியும் மோர்ச்சோறு கட்டிக் கொடுப்பேன். அடக்கம் முடிந்து சில நாளில் மழை இறங்கியது. நீ அதற்குள் பெங்களூருக்குப் போய்விட்டாய். காடு முழுக்க முளைத்தது, டிராக்டர் போட்ட வரிசைகளுக்கு நடுவில் அந்த மூலை மட்டும் வரிசையே இல்லாமல், கண்டபடி, மற்றதைவிட நெருக்கமாக முளைத்து நின்றது. தை மாதம் நான்தான் ஆள் வைத்துப் பிடுங்கினேன். அந்த மூலை உளுந்தைத் தனியாக வைத்து, நீ கிறிஸ்துமஸ் விட்டு அடுத்து வந்தபோது தோசைக்கு ஆட்டினேன். நீ ருசித்துச் சாப்பிட்டாய். எந்த உளுந்து என்று உன்னிடம் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

விதையைப் பற்றி நம் ஆலயப் போதகர், சபை ஐயர், வருஷத்துக்கு ஒரு பிரசங்கம் பண்ணிவிடுவார். பாவம், அவர் தொட்டியில் ரோஜாச்செடி வளர்த்தவர், காட்டில் இறங்கியதில்லை. நான் அவ்வளவு பெரிதாக ஒன்றும் சொல்லப் போவதில்லை. மோட்சம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அப்பாவைப் பார்ப்பேன் என்று நம்புகிறேன், அதற்கு மேல் கேட்க மாட்டேன். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். இந்த உயிரை நான் வாங்கவில்லை, கொடுக்கப்பட்டது. கொடுத்தவர் ஒரு நாள் கேட்பார், அதை வைத்து என்ன செய்தாய் என்று. 'கீறல் படாமல் பத்திரமாக வைத்திருந்தேன் ஆண்டவரே' என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கத்தரிக்காய் வெட்டினேன், நாலு பேரோடு சிரித்தேன், துக்க வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன், வரப்பில் தடுக்கி விழுந்தேன் என்று சொல்லலாம் பார்.

பயமே இல்லை என்று எழுதினால் அது பொய். அன்றைக்குச் சாயங்காலம் எல்லாரும் போனபின், உடைந்த கதவைச் சாத்தி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் உறைத்தது. அந்த மணி எனக்குத்தான் அடித்தது, இன்னொரு நாளும் அடிக்கும், அன்றைக்கு நான் எழுந்து ஓடி வரமாட்டேன். குளியலறையில் விழுந்து கிடந்தால் யார் வருவார்கள் என்ற பயமும் இருக்கிறது. ஆகவே நீ சொன்னதில் சிலதை ஒத்துக்கொள்கிறேன். குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி போட்டுத் தா. போனைச் சுருக்குப்பையில் போட்டு இடுப்பிலேயே வைத்துக்கொள்கிறேன். காலையில் காப்பி குடித்ததும் உனக்கு ஒரு போன் பண்ணுகிறேன். கேமராவைக் கழற்றி வாசலில் மாட்டு, யார் வருகிறார்கள் போகிறார்கள் என்று நீயே பார்த்துக்கொள். கோடை லீவுக்கு உன் வீட்டுக்கு வருகிறேன், புரட்டாசிக்கு முன்னால் திரும்பிவிடுவேன். விதைக்க வேண்டும். குடிவர மாட்டேன்.

உன்னைப் பற்றியும் எனக்குக் கவலை இருக்கிறது. நாற்பதைத் தாண்டியவன், கையில் கட்டின கடிகாரம் சொன்னால் நடக்கிறாய், அது சொன்னால் தூங்குகிறாய். லீவு எடுத்து எங்கேயாவது போகலாம் என்றால் அடுத்த வருஷம் என்கிறாயாம், உன் பெண்டாட்டி சொன்னாள். பத்தாம் வகுப்புப் பரீட்சை அன்றைக்குக் கோடைமழை கொட்டி, கரிசல் சேறு சைக்கிள் சக்கரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டதே. அப்பா சைக்கிளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடக்க, நீ செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தாய். காலில் சேறு பனங்காய் மாதிரி திரண்டு போயிருந்தது. இரண்டு பேரும் தொண்டை கிழியப் பாடிக்கொண்டே ரோட்டை நோக்கிப் போனதை நான் வாசலில் நின்று பார்த்தேன். அந்தப் பையன் எங்கே போனான்? நம் ஆலயப் பாடகர் குழுவில் உன் குரலுக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. பெங்களூரிலும் ஆலயம் இருக்கிறது, அங்கேயாவது போய்ப் பாடு. எனக்காகப் பயந்து பயந்து நீயும் நாற்காலியில் உட்கார்ந்துவிடாதே.

இதுவரை நேற்று எழுதி வைத்தேன். கோபம் முழுக்கத் தீரவில்லை, ஆகவே முடிக்காமல் படுத்துவிட்டேன். இன்று காலையில் கடை அண்ணாச்சி ஆசாரியைக் கூட்டிக்கொண்டு வந்தார். தான் உடைத்த கதவைத் தானே சரி பண்ணித் தருவேன் என்று பிடிவாதம். ஆசாரி வேலை பார்த்துக்கொண்டிருக்க, காப்பி கொடுத்தேன். நீ சாப்பிடாமல் போனதைச் சொல்லிக் குறைப்பட்டேன். எல்லார் முன்னாலும் திட்டினானே அண்ணாச்சி என்றேன். அவர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"அக்கா, ஒங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். அன்னைக்கு நான் கதவ இடிச்சிக்கிட்டு இருக்கேன். போன ஸ்பீக்கர்ல போட்டுப் படில வச்சிருந்தேன். ஒங்க மவன் அதுக்குள்ள இருந்து கத்துதான். 'அம்மா, கதவத் தெறம்மா. நான் திட்ட மாட்டேம்மா. இனிமே திட்டவே மாட்டேன், தெறம்மா'ன்னு. சின்னப்பிள்ள கணக்கா. அங்கன நின்னவுக ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாக்கல."

அதே நேரத்தில்தான் நான் கொட்டகையில் கண்ணை மூடிக்கொண்டு, யார் பெற்ற பிள்ளையோ, தேற்றும் ஆண்டவரே என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

மேலே எழுதியதில் ஒரு வரியையும் நான் மாற்றவில்லை. ஆனால் இதையும் கேட்டுக்கொள். ஒரு நாள் நீ தட்டுவாய், நான் திறக்க மாட்டேன். அன்றைக்கு, நீ திட்டினதால்தான் அம்மா திறக்கவில்லை என்று மட்டும் நினைத்துவிடாதே. அப்பா போனபின் என்னைத் திட்டுவதற்கு இந்த உலகத்தில் உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள்? ஆசாரி இப்போது வெளியிலிருந்தும் திறக்கிற பூட்டாகப் போட்டுவிட்டார். இரண்டு சாவி, ஒன்று உனக்கு. ஈஸ்டருக்கு வா. தட்டாமல் திறந்துகொண்டு உள்ளே வா. வந்து ஆசை தீரத் திட்டு.

உன் அம்மா